ஒரே அறையில் இரண்டு வேண்டுதல்கள்

பட்டறையில் அவரை எல்லாரும் அழுத்தக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் பம்ப் பழுது பார்க்கிறவருக்கு இந்தப் பெயர் பொருத்தம்தானே என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பெயர் வந்த காரணம் அதுவல்ல. மனுஷன் வாயைத் திறக்க மாட்டார். மோட்டார் போயிருந்தால் "எரிஞ்சிருச்சு" என்பார். சரியாகிவிட்டால் "ஓடுது" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பகல் முழுக்கப் போயிருக்கும், வேறு ஒரு சொல் வந்திருக்காது.

அவரோடு ஜோடியாக வேலை பார்த்தவர் நேர் எதிர். அவருக்குப் பட்டறை வைத்த பெயர் வக்கீல். சட்டப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தவர் இல்லை. கடவுளோடு வழக்காடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். துருப்பிடித்த போல்ட் ஒன்று திரும்ப மறுத்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார். "இந்த ஒத்தப் போல்ட்டுக்கு உன்னைக் கூப்பிடறது எனக்கே வெக்கமாத்தான் இருக்கு. ஆனா கூப்பிட வெச்சது யாரு?" என்பார். பட்டறையே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். நிஜமாகவே கேட்டுக்கொண்டிருப்பார். போல்ட் கழன்றால் ஒரு நன்றி. கழலாவிட்டால் இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டு ரம்பத்தை எடுப்பார்.

அழுத்தக்காரரும் ஒரு காலத்தில் கடவுளிடம் கேட்டவர்தான். முதல் குழந்தை பெண். பேச்சு வர ஆரம்பித்த வயதில் காய்ச்சல் வந்து நினைவு தப்பியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வெறும் தரையில் உட்கார்ந்து அவர் கேட்காதது எதுவும் பாக்கியில்லை. என் கண்ணை எடுத்துக்கொள், கையை எடுத்துக்கொள், என்னையே எடுத்துக்கொள் என்று மாற்றி மாற்றிப் பேரம் பேசினார். டாக்டர் வெளியே வந்து தலையை அசைத்தபோது பேரம் முடிந்துபோயிற்று. "இனிமே கடவுள்கிட்ட எனக்கு ஒரு வேலையும் இல்ல" என்று மனைவியிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு மகன் பிறந்து வளர்ந்து பள்ளிப் படிப்பை முடித்தான். மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. எதற்கும் அவர் உதடு அசையவில்லை. வீட்டில் மனைவி கண்ணை மூடி வேண்டிக்கொண்டால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

வக்கீலுக்கு இந்தக் கதை தெரியும். "சண்டை போடு தம்பி. இப்படிப் பேசாம இருக்காதே. நீ வாயை மூடிக்கிட்டா, கேஸு முடிஞ்சிருச்சுன்னு அவர் நிம்மதியா உக்காந்துக்குவார்" என்பார். அழுத்தக்காரர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

அன்று காலையிலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றிலிருந்து பட்டறைக்குப் போன் வந்தது. தரைக்குக் கீழே இரண்டு தளங்கள், வண்டி நிறுத்துவதற்கு. அடித்தளத்தின் மூலையில் பம்ப் அறை. ஊறி வருகிற தண்ணீரை வெளியே இறைக்கிற பம்ப் நின்றுவிட்டது, உடனே வாருங்கள் என்றார்கள். இரண்டு பேரும் போனார்கள். கட்டடத்தின் மேலாளர் குடையோடு நின்று வழி காட்டினார். வண்டிகள் இறங்குகிற சரிவின் வாசலில் அடுக்க வேண்டிய மணல் மூட்டைகள் சுவரோரமாகக் கிடப்பதை அழுத்தக்காரர் பார்த்தார். "மழை விட்டுடும்" என்றார் மேலாளர்.

பம்ப் அறைக்கு ஒரே ஒரு இரும்புக் கதவு, வெளிப்பக்கமாகத் திறப்பது. ஜன்னல் இல்லை. கூரையை ஒட்டி ஒரு காற்றுக்குழாய் மட்டும். பம்பைக் கழற்றி இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தார்கள். வக்கீல் பக்கத்தில் குனிந்து உள்ளே விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. லாரி ஒன்று ஜல்லியைக் கொட்டுவது போல நீளமான சத்தம். விளக்கு அணைந்தது. கதவு தானாகவே அடித்துச் சாத்திக்கொண்டது.

நெற்றியில் கட்டியிருந்த விளக்குகளின் வெளிச்சத்தில், சரிவு வழியாக இறங்கிய மழைத் தண்ணீர் கதவின் அடியிலிருந்து விசிறி போலப் பரவி உள்ளே வருவது தெரிந்தது. அழுத்தக்காரர் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். அசையவில்லை. வக்கீலும் வந்து தோள் கொடுத்தார். சுவரைத் தள்ளுவது போலத்தான் இருந்தது.

"கம்பியை எடு" என்று சொல்லிக்கொண்டே வக்கீல் பம்பின் பக்கம் திரும்பி நடந்தார். அதற்குள் முழங்கால் அளவுக்கு ஏறியிருந்த தண்ணீரில் மரக்கட்டைகள் வழுக்கி விலகின. மேலே இருந்த பம்ப் உருண்டு விழுந்தது. வக்கீல் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "கால், தம்பி" என்றார்.

அழுத்தக்காரர் கம்பியைக் கொடுத்து நெம்பினார். பம்புக்கும் சுவருக்கும் நடுவில் கணுக்கால் மாட்டியிருந்தது. மூச்சைப் பிடித்து முங்கினார், நெம்பினார், எழுந்தார். மறுபடியும் முங்கினார். கம்பி வழுக்கியது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. சுவரில் வயர் நுழைகிற ஓட்டை ஒன்று ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சியடிக்க ஆரம்பித்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"வெளிய அவ்வளவு நிக்குதா" என்றார் வக்கீல்.

"ம்."

"அப்ப கதவு?"

அதைச் சொல்லத் தேவையில்லை, தண்ணீரோடு பிழைப்பு நடத்துகிறவர்கள் இரண்டு பேரும். வெளியே நிற்கிற மட்டத்துக்கு உள்ளேயும் தண்ணீர் வந்துவிட்டால் கதவின் இரண்டு பக்கத்துப் பாரமும் சமமாகிவிடும். பிறகு குழந்தை தள்ளினால்கூடத் திறக்கும். அதுவரை பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் திறக்காது. ஆனால் அந்த மட்டம், கால் மாட்டி நிற்கிற மனிதரின் தலைக்கு மேலே இருந்தது.

வக்கீல் அண்ணாந்து பார்த்தார். வழக்கு ஆரம்பமாயிற்று.

"பாத்துட்டுதான் இருக்கியா, இல்ல கண்ணசந்துட்டியா? உன்கிட்ட நான் என்ன மாளிகையா கேட்டேன்? தண்ணிய நிறுத்துன்னுதானே கேக்கறேன். எத்தனை பம்ப்பை ஓட வெச்சிருக்கேன் இந்தக் கையால. ஊர்ல இருக்கற தண்ணியெல்லாம் நான் ஏத்தி விட்டது. எனக்குன்னு ஒரு தடவை நிறுத்தக் கூடாதா? வாயைத் திறந்து சொல்லு. முடியாதுன்னாவது சொல்லு."

அழுத்தக்காரர் முங்கி முங்கி எழுந்தார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. கை மரத்துப்போயிற்று. சுவரோரக் குழாயில் ஏறி நின்று ஒரு கையால் வக்கீலின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். வக்கீலின் குரல் அறைக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தது. நிறுத்து, நிறுத்து என்று அவர் அதட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் அழுத்தக்காரரின் மனசுக்குள் அது வந்தது. அவர் கூப்பிட்டு வந்ததில்லை. இத்தனை வருஷம் மூடிக் கிடந்த இடத்திலிருந்து தானாக வந்தது. *ஏறட்டும். சீக்கிரம் ஏறட்டும்.* யாரிடம் கேட்கிறோம் என்று தெரிந்தேதான் கேட்டார். அந்தத் தண்ணீர் முதலில் யாரை மூழ்கடிக்கும் என்பதும் தெரிந்தேதான் கேட்டார்.

தண்ணீர் ஏறியது.

கழுத்துக்கு வந்ததும் அவர் இடுப்பிலிருந்த கத்தியால் ஒரு ரப்பர் குழாய்த் துண்டை அறுத்து வக்கீலின் வாயில் கொடுத்து, மேல்முனையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்தார். வாயில் குழாய் போனதும் வழக்கு நின்றது. குழாயின் வழியாக மூச்சு வந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது. வக்கீலின் கை அவருடைய சட்டையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. பிறகு தண்ணீர் குழாயின் மேல்முனையையும் தாண்டியது, உள்ளே களகளவென்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கை பிடியை இறுக்கிற்று. அப்புறம் ஒவ்வொரு விரலாக விட்டது.

அழுத்தக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு முங்கிக் கதவைத் தேடினார். கை வைத்தார். கதவு திறந்தது.

வெளியே தெருவில் கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். தீயணைப்பு வண்டி நின்றது. மாடிப்படியில் நீந்தி வந்த அவரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். மனைவி ஓடி வந்து அவர் மேல் விழுந்து அழுதாள். "விடாம கேட்டுட்டே இருந்தேன். காது குடுத்துட்டார், காது குடுத்துட்டார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வக்கீலைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் எடுத்து வர முடிந்தது.

வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். கடவுள் உன் பக்கம் இருந்திருக்கார். ஏதோ புண்ணியம். பக்கத்து வீட்டுக்காரர், "உன்னால இன்னும் ஆக வேண்டிய காரியம் இருக்குப்பா, அதான் விட்டு வெச்சிருக்கார்" என்றார். அழுத்தக்காரர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஆறிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்தால் வாளி நிரம்புகிற சத்தத்துக்கு வெளியே ஓடி வந்துவிடுவார். அவரை அரித்தது பயம் மட்டுமல்ல. மகளுக்காகக் கேட்டபோது மூடியிருந்த காது, இதற்கு எப்படித் திறந்தது? எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒன்றைத்தான் கடவுள் நிறைவேற்றி வைப்பாரா?

வக்கீலின் மனைவி ஆள் மேல் ஆள் விட்டுப் பார்த்தாள். ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க என்று. அவர் போகவில்லை. உடம்பு சரியில்லை என்றார், நாளைக்கு என்றார். கடைசியில் ஒரு சாயங்காலம் அவளே வந்துவிட்டாள். அழுத்தக்காரரின் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, அடுக்களைக்குள் போனாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன், தம்பி. கடைசில அவர் என்ன சொன்னார்?"

அழுத்தக்காரர் தரையைப் பார்த்தார். "அமைதியா இருந்தார், அண்ணி. வேண்டிக்கிட்டே இருந்தார். ஒண்ணும் கஷ்டப்படலை."

"யாரு?"

"அண்ணன்தான்."

"எங்க வீட்டுக்காரரு? அமைதியா?" அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். சோறு வேக நேரமானாலே கூரையப் பாத்துத் திட்டுவார். சாகப் போற நேரத்துல கையக் கட்டிட்டு நின்னாராமா? வேற யாரையோ பத்திச் சொல்றீங்க. எனக்கு அவரைப் பத்திச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார். பாத்துட்டுதான் இருக்கியா, கண்ணசந்துட்டியா என்பதிலிருந்து, முடியாதுன்னாவது சொல்லு என்பது வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நடுவில் ஓர் இடத்தில், "மாளிகையா கேட்டேன்னா சொன்னார்?" என்று கேட்டு, அதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"அதுதான் அவர்" என்றாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். அவளும் போயிருப்பாள். ஆனால் வாய் திறந்தது திறந்ததுதான். "அவர் தண்ணி நிக்கணும்னு கேட்டுட்டிருந்தார், அண்ணி. நான் பக்கத்துல நின்னுட்டு... நான் ஏறணும்னு கேட்டேன். ஏறினாத்தான் கதவு திறக்கும். அவர் சட்டையைப் பிடிச்சிக்கிட்டே கேட்டேன்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

வக்கீலின் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த இறுக்கம் தாங்க முடியாததாக இருந்தது. அவருடைய மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், எடுத்துக்கொண்டு போனாள். ஒருமுறை அவள் கண்ணை மூடி உட்கார்ந்தவள், பாதியிலேயே எழுந்துவிட்டதை அவர் பார்த்தார். தெருவில் வக்கீலின் மனைவியைப் போன்ற நடையுள்ள யாரைப் பார்த்தாலும் சந்துக்குள் நுழைந்துவிடுவார். பட்டறை முதலாளி வேலைக்குக் கூப்பிட்டபோது, வேறு தொழில் பார்க்கப் போகிறேன் என்றார்.

வக்கீலின் மனைவி மறுபடி வந்தபோது அவர் திண்டாடிப்போனார். வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை.

"அந்தக் கட்டடத்து மேலாளர் வீட்டுக்கு வந்திருந்தார்" என்று ஆரம்பித்தாள். "எல்லாம் கடவுள் செயல்னார். வாசல்ல மணல் மூட்டை அடுக்காதது யார் செயல்னு கேட்டேன். எழுந்து போயிட்டார்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவரை அப்படிக் கேட்டு அனுப்பினதுக்கப்புறம்தான் யோசிச்சேன். இந்தத் தம்பியும் கடவுள்தான் தண்ணிய ஏத்தினார்னுதானே சொல்லிட்டு உக்காந்திருக்காருன்னு."

"அண்ணி, நான்..."

"இருங்க. நான் பேசி முடிச்சிடறேன். அன்னைக்குக் கயித்துக்கிட்ட உங்க பொண்டாட்டியும் நானும் ஒரே குடைக்குள்ளதான் நின்னோம். என் கையை அவ பிடிச்சிருந்தா. உள்ளேருந்து ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. மேலெல்லாம் சேறு, மூஞ்சி தெரியலை. நான் என்ன கேட்டேன் தெரியுமா? இது அவரா இருக்கணும்னு கேட்டேன். அதுக்கு என்ன அர்த்தம்? உள்ள கிடக்கறது நீங்களா இருக்கணும்னுதானே? இவ கையைப் பிடிச்சிக்கிட்டே கேட்டேன்."

அழுத்தக்காரரின் மனைவி அவருக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். "நானும்தான்க்கா" என்றாள் மெதுவாக. "உங்க கையை எப்ப விட்டேன்னே எனக்குத் தெரியாது."

"தெரியும். அதுல எனக்கு வருத்தமில்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. இவர் மேலயும் இருக்கு. அது போகறப்பப் போகட்டும்." அவள் அழுத்தக்காரரின் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு சொல்லுங்க தம்பி. உங்க மகளுக்காக எத்தனை நாள் கேட்டீங்க? உருகி உருகிக் கேட்டீங்க, இல்லையா? நடக்கலை. எங்க வீட்டுக்காரர் வாய்விட்டுக் கத்திக் கேட்டார். நடக்கலை. நான் கேட்டது நடக்கலை. நீங்க மனசுக்குள்ள ஒரு வார்த்தை நெனச்சீங்களாம், அது மட்டும் உடனே நடந்திருச்சாம். அவர்கிட்ட உங்களுக்கு அவ்வளவு செல்வாக்கா? அந்தச் செல்வாக்கு அன்னைக்கு ஆஸ்பத்திரில எங்க போச்சு?"

யாரும் அவரிடம் மகளைப் பற்றிப் பேசி எவ்வளவோ காலமாகியிருந்தது. அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது பேச்சு இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்து அழுதார். வக்கீலுக்காக அழுகிறார் என்றுதான் வக்கீலின் மனைவி முதலில் நினைத்தாள். அவர் வாயில் மகளின் செல்லப்பெயர் வந்தபோதுதான் புரிந்தது. மனைவி குனிந்து அவர் தலையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வக்கீலின் மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அவளும் படியில் உட்கார்ந்தாள்.

"கடவுள் கேக்கறாரா இல்லையான்னு எனக்குத் தெரியலை" என்றாள், தெருவைப் பார்த்துக்கொண்டு. "இப்ப நானும் திட்டிட்டுதான் இருக்கேன். காலையில எழுந்ததும் ஆரம்பிச்சிடறேன். ஒரு பதிலும் இல்ல. ஆனா திட்டறப்ப எங்க வீட்டுக்காரர் குரல் மாதிரியே எனக்கு வருது."

மழைக்காலம் முடிவதற்குள் அழுத்தக்காரர் பட்டறைக்குத் திரும்பினார். முதல் வேலை ஒரு குடியிருப்பின் பம்ப் அறையில். ஒரு வயர்மேனோடு போனார். படியிறங்குவதற்குள் சட்டை நனைந்துவிட்டது, வியர்வையில். கதவு வரைக்கும் போனார். அதற்கு மேல் கால் போகவில்லை.

வயர்மேனுக்கு விஷயம் தெரியும். "நீங்க வெளியவே நில்லுங்கண்ணே. நான் உள்ள பாத்துக்கறேன்" என்றார்.

அழுத்தக்காரர் கதவை முழுக்கத் திறந்து அதில் முதுகைச் சாய்த்து நின்றார். தண்ணீர்த் தொட்டியின் ஈர வாடை வந்தது. எங்கோ குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஓடிவிடலாம் என்று படியைப் பார்த்தவர், ஓடாமல் அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தார். சத்தமாகத்தான் பேசினார். முதலில் மகளைப் பற்றிக் கேட்டார். கேட்பதற்கு நிறைய இருந்தது. பிறகு வக்கீலைப் பற்றி. திட்டுவதற்குப் பழக்கமில்லாததால் வார்த்தைகள் தடுக்கின. இருந்தும் விடவில்லை.

வயர்மேன் தலையை வெளியே நீட்டினார். "கூப்பிட்டீங்களாண்ணே?"

"உங்களை இல்ல."

வயர்மேன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அதை மனைவியிடம் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏதாவது பதில் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நாளைக்கும் அங்கதான் வேலையா?"

"ஆமா, வேலை இன்னும் முடியலை. பேரிங் மாத்தணும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.